தட்டைப் படம் எடுத்து அனுப்பவும்

முப்பத்தொரு வருஷம் நான் சம்பளம் வாங்கியது அடுத்தவர் வேலையில் குறை கண்டுபிடிப்பதற்காக. செனாயில் ஒரு மின்னணுத் தொழிற்சாலை. மின்சுற்று அச்சிட்ட பச்சைப் பலகைகள் வரிசையாக வரும். விளக்கோடு சேர்ந்த பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்து, பற்றவைத்த இடம் சரியா என்று பார்த்துத் தள்ளுவேன். சரியில்லாததன் மேல் சிவப்பு ஸ்டிக்கர் விழும். இந்தத் தரச் சோதனையைக் கியூசி என்பார்கள். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் முதல் நாளே சொல்லிக்கொடுப்பது ஒன்றுதான். பலகையைப் பார்க்குமுன் அதன் ஓரத்தில் இருக்கும் எண்ணைப் பார். ஒன்றைப் பார்த்துவிட்டு இன்னொன்றுக்குத் தீர்ப்பு எழுதிவிடாதே.

ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த பிறகும் கண் சும்மா இருக்கவில்லை. மிளகாய்த்தூள், மல்லித்தூள் டப்பாக்களுக்குத் தேதி எழுதி ஒட்டினேன். என் மனைவி இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் உரித்துப் போட்டாள். "ஃபேக்டரிக்காரன் தப்பிச்சிட்டான். இப்ப என் அடுப்படி மாட்டிக்கிச்சு" என்று பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. விழட்டும் என்றுதான் சொல்லியிருப்பாள்.

அந்தச் சமயத்தில்தான் கூலாயில் அரசாங்க கிளினிக்கில் அவளுக்கு ரத்தப் பரிசோதனை செய்தார்கள். முட்டி வலிக்காகப் போனவள். இளவயது சீன டாக்டர், பொறுமையான பெண், ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டினார். ரத்தத்துச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி ஆறு புள்ளி ஒன்று. ஆறு புள்ளி மூன்றைத் தொட்டால் இனிப்பு நீர் என்று எழுத வேண்டிவரும். இப்போது எல்லையில் நிற்கிறீர்கள். சாப்பாட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள், நடங்கள், மூன்று மாதம் கழித்து மறுபடியும் ரத்தம் எடுப்போம், ஏறியிருந்தால் மாத்திரை ஆரம்பிக்கலாம் என்றார். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். முட்டியைப் பற்றிக் கேட்கவே மறந்துவிட்டாள்.

காடியில் ஏறி, நெடுஞ்சாலைப் பக்கம் திரும்பும் சிக்னல் விளக்கில் நின்றோம். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"எங்கக்கா மாதிரி ஆயிடுவேனாங்க?"

அவளுடைய அக்கா லாயாங் லாயாங்கில் இருந்தார். இனிப்பு நீருக்கு டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு யாரோ விற்ற பொடியைக் கரைத்துக் குடித்தார். உடம்பு லேசாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஒருநாள் கால் வீங்கியது. அப்புறம் வாரத்துக்கு மூன்று நாள் குளுவாங்கில் ரத்தச் சுத்திகரிப்பு. ஒன்றரை வருஷம் நாங்கள்தான் முறை வைத்துக் கூட்டிப் போனோம். முடிந்து வெளியே வரும்போது அவருக்குக் குளிர் தாங்காது. காடியில் ஏசியை நிறுத்திவிடுவோம். அந்த வெயிலில் கண்ணாடியை ஏற்றிவிட்டு, நான் வியர்த்து வழிய ஓட்டுவேன். பின் சீட்டில் அக்காவின் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துத் தேய்த்துக்கொண்டே வருவாள் என் மனைவி. அக்கா போய் இரண்டு வருஷமாகிறது.

அதனால் அவள் கேட்டது சாதாரணக் கேள்வி இல்லை. நான்தான் சாதாரண ஆளைப்போலப் பதில் சொன்னேன். "கண்டத நெனச்சிகிட்டு வராத. வாய மூடிட்டு வா" என்றேன். எனக்குப் பயம் வந்தால் கோபமாகத்தான் வரும். அது அவளுக்குத் தெரியும் என்பது எனக்கு எப்போதும் வசதியாக இருந்திருக்கிறது.

கோலாலம்பூரில் இருக்கும் மகளிடம் போனில் சொன்னபோது, "இதுக்கெல்லாம் ஆப் இருக்குப்பா. அம்மா சாப்பிடுறத போட்டா, அங்க ஒரு கோச் பாத்து சொல்வாங்க. ஆனா எதுவாச்சும் ஒண்ண எடுத்துறாதீங்க, பாத்து எடுங்க" என்றாள். பாத்து எடுங்க என்று யாரிடம் சொல்கிறோம் என்று அவள் யோசிக்கவில்லை. அன்றைக்கே நான் ஒரு பெரிய நோட்டுப் புத்தகம் வாங்கி, அடிக்கோல் வைத்துக் கட்டம் போட்டேன். கோச் மனிதனா இயந்திரமா, மனிதன் என்றால் படித்தவரா, என்ன மொழி, நம் சாப்பாடு தெரியுமா, நம் விவரத்தை யார் பார்ப்பார்கள், வேண்டாம் என்றால் விட்டு விலக முடியுமா. கிளினிக்கில் மிஸ்ஸி என்று நாங்கள் கூப்பிடும் நர்ஸிடமும் ஒரு வார்த்தை கேட்டேன். "எந்த ஆப்பா இருந்தாலும் பரவால்ல அங்கிள். டாக்டர் சொன்னத விட்டுட்டு நான் சொல்றத கேளுன்னு சொல்ற ஆப் மட்டும் வேணாம்" என்றார். அதையும் ஒரு கட்டமாகச் சேர்த்தேன்.

மனைவி எட்டிப் பார்த்தாள். "உங்களுக்கு வேல இல்லாம இருந்துச்சு. என் சக்கர வந்து வேல குடுத்திருக்கு" என்றாள்.

முதல் செயலி வெளிநாட்டில் செய்தது. காலையில் என்ன பசியாறினீர்கள் என்று கேட்டது. தோசை என்று தட்டினால் அப்படி ஒன்று இல்லை என்றது. ரொட்டி சானாய் இல்லை. இடியாப்பம் இல்லை. ஓட்ஸ் மட்டும் பன்னிரண்டு விதம் இருந்தது. கோச் இயந்திரம்தான். அவள் ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்ததாக அழுத்தினால், திரை முழுக்க வண்ணக் காகிதம் பறந்து, சபாஷ் என்று எழுத்து ஓடியது. "தண்ணி குடிச்சதுக்கா இவ்ளோ கூத்து?" என்று கேட்டாள். நான்கு நாளில் அதை அனுப்பிவைத்தோம்.

இரண்டாவது செயலியில் தமிழ் இருந்தது. ரசத்தில் மட்டுமே ஏழெட்டு வகை வைத்திருந்தார்கள். கோச் ஒரு பையன், கடல் தாண்டி எங்கிருந்தோ கூப்பிடுவான். "அம்மா, சாப்பிட்டாச்சா?" என்றுதான் பேச்சைத் தொடங்குவான். என் மனைவிக்கு அவனைப் பிடித்துப்போய்விட்டது. அவன் கூப்பிடும் நேரத்துக்கு முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு உட்காருவாள். அது வெறும் குரல்தான், முகம் தெரியாது என்று சொன்னால் கேட்கமாட்டாள். நானும் கட்டத்துக்குக் கட்டம் டிக் போட்டுக்கொண்டே வந்தேன். எட்டாம் நாள் பையன் ஒரு பொடியைப் பற்றிப் பேசினான். வேளைக்கு ஒரு கரண்டி, அப்புறம் ஆயுசுக்கும் மாத்திரையே வேண்டாம், வேரோடு போய்விடும் என்றான்.

அவள் கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "எங்கக்காகிட்டயும் இப்படித்தான் தம்பி சொன்னாங்க" என்றாள். அவன் ஏதோ சொல்ல வந்தான். "உங்க மேல கோவம் இல்ல. வச்சிர்றேன்" என்று போனை வைத்தாள். நான் அழித்துக்கொடுக்கிறேன் என்று கையை நீட்டினேன். எங்கே அழுத்துவது என்று மட்டும் கேட்டு, அவளே அழுத்தினாள்.

மூன்றாவது, நம் நாட்டில் செய்தது. மலாய் மொழியில் இருந்தது. அவள் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறு வருஷமும் அப்புறம் மலாய்ப் பள்ளியில் மூன்று வருஷமும் படித்தவள், மலாய் என்னைவிட நன்றாக வரும். அதில் நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு இருந்தது. இழுத்து ஆற்றிய தே தாரிக் தேநீர் இருந்தது, சீனி குறைவாக என்று தனியாகக் கேட்கவும் தெரிந்தது. புளிக்குழம்பு மட்டும் இல்லை. கோச் ஒரு மலாய்ப் பெண், உணவியல் படித்தவள். பதிவு எண் கேட்டேன். கொஞ்சமும் முகம் சுளிக்காமல் அனுப்பினாள். நான் டாக்டர் இல்லை அங்கிள், மாத்திரை விஷயம் எதுவானாலும் கிளினிக்கில்தான் கேட்க வேண்டும், நான் கொடுக்கும் அறிக்கையை அங்கே காட்டுங்கள் என்றாள். விவரங்களை யார் பார்ப்பார்கள் என்பது நான்கு பக்கம் பொடி எழுத்தில் இருந்தது. என் பழைய பூதக்கண்ணாடியை எடுத்து நான்கு பக்கத்தையும் படித்தேன். பிறகுதான் நோட்டில் பச்சை மையால் 'பாஸ்' என்று எழுதினேன். எழுதி முடித்தபோது எனக்கு நிஜமாகவே பெருமையாக இருந்தது.

அந்தப் பெண்ணுக்கு ஊர் மெர்சிங். அப்பா கடலுக்குப் போகிறவர். பேச்சு எங்கே தொடங்கினாலும் கெம்போங் மீனில் வந்து நிற்கும். என் மனைவியை ஆண்டி என்று கூப்பிடுவாள். புளிக்குழம்பை எப்படி வைப்பது என்று ஒருநாள் முழுதும் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டாள். அவள் விதித்த வேலை ஒன்றே ஒன்று. சோறு சாப்பிடும் ஒவ்வொரு வேளையும், சாப்பிடுமுன் தட்டைப் படம் எடுத்து அனுப்பவும். தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ கோழியோ. கிளினிக் சுவரில் ஒட்டியிருக்கும் அதே கணக்குதான். ஆனால் சுவர் யாரையும் ஆண்டி என்று கூப்பிடாது.

மனைவி சொன்னதைச் செய்கிறவள். மத்தியானமும் ராத்திரியும் தட்டு வைத்ததும், "கொஞ்சம் இருங்க" என்று என் கையைத் தடுத்துவிட்டு, நின்றபடி ஒரு படம் எடுப்பாள். நான் பசியில் காத்திருப்பேன். அனுப்பிவிட்டு, "ம், சாப்பிடுங்க" என்பாள். நான் சாப்பிட்டுவிட்டு எழுந்து போய்ச் செய்தி பார்ப்பேன், இல்லை பூச்செடிக்குத் தண்ணீர் விடுவேன். இப்படியே நாள் போனது.

முதல் வாரம் சோறு அதிகம் என்று பதில் வந்தது. சோறு குறைந்தது. காய் போதாது என்று வந்தது. கீரை ஏறியது. மூன்றாவது வாரம், தட்டு மிக அழகாக இருக்கிறது ஆண்டி, இதை மற்றவர்களுக்குக் காட்டலாமா என்று கேட்டாள். மனைவி அதை என்னிடம் இரண்டு தடவை படித்துக் காட்டினாள். எனக்கும் உடம்பு நன்றாக இருந்தது. பெல்ட்டில் ஒரு ஓட்டை உள்ளே போனேன். மாடிப்படி ஏறினால் முன்போல மூச்சு வாங்கவில்லை. செயலியைத் தேர்ந்தெடுத்தவன் என்கிற முறையில் இதையும் என் கணக்கிலேயே வைத்துக்கொண்டேன்.

மனைவிக்குத்தான் சர்க்கரை குறையவில்லை. அக்கா வைத்திருந்த ரத்தம் பார்க்கும் கருவி எங்கள் வீட்டில்தான் இருந்தது. டாக்டரிடம் கேட்டதற்கு, அவசியமில்லை, வேண்டுமானால் வாரம் இரண்டு நாள் காலையில் பாருங்கள் என்றிருந்தார். விரலில் குத்துவது என் வேலை. ஒரு மாதம் ஒரே இடத்தில் நின்ற எண் ஐந்தாவது வாரம் ஏறியது. ஆறாவது வாரமும் ஏறியது. ஒவ்வொரு தடவையும் கருவியைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள். எனக்குக் காட்டத் தெரிந்த முகம் ஒன்றுதான், குறை தேடும் முகம்.

கருவியைச் சந்தேகப்பட்டேன். என் விரலில் குத்திப் பார்த்தேன், எனக்குக் குறைந்து அழகாகக் காட்டியது. ரத்தத் துளி வைக்கும் பட்டையைப் புதிதாக வாங்கினேன். அதே கதை. மிச்சமிருந்தது ஒரே ஆள்தான்.

"ஒளிச்சி வச்சி எதாச்சும் திங்கிறியா?" என்று கேட்டேன்.

நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். சீனி டின்னுக்குள், சீனி நிற்கும் மட்டத்தில், பேனாவால் ஒரு கோடு போட்டுவைத்தேன். தொழிற்சாலையில் பசை டப்பாவுக்குப் போடுவோம், அந்த வழக்கம். இரண்டு நாள் கழித்து டின்னைத் திறந்தவள், திறந்தபடியே என் முன்னால் கொண்டுவந்து வைத்தாள்.

"கோடு போட்டீங்களா?" என்றாள்.

சீனி கோட்டிலேயே இருந்தது. ஒரு கரண்டி குறையவில்லை. அவள் டின்னை மூடி எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அழுதாளா என்று பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. பரிசோதனைக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது. சாயங்காலம் வெற்றிலைக் கொடிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, என்னிடம் இல்லாமல் கொடியிடம் சொல்கிறவளைப்போல, "அக்காவுக்கும் இப்படித்தான், என்ன பண்ணாலும் கொறையல" என்றாள்.

கோச்சுக்கும் புரியவில்லை. படத்தில் ஒரு குறையும் இல்லை ஆண்டி, ஆனால் உடம்பு வேறு ஏதோ சொல்கிறது, இடையில் ஏதாவது குடிக்கிறீர்களா, தூக்கம் எப்படி என்று விசாரித்தாள். எனக்கு வேறு யார்மேலும் எரிந்துவிழ முடியாததால் அவள்மேல் விழுந்தேன். இந்தச் செயலியும் உதவாது, விளக்கமாக ஒரு புகார் எழுதி, படங்களையும் சேர்த்து அனுப்பப் போகிறேன் என்று ஒரு மத்தியானம் சாப்பிட்டு முடித்த கையோடு மனைவியின் போனை எடுத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தேன். ஆறு வாரப் படங்கள். ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஐந்தாவது படமோ ஆறாவது படமோ, தட்டின் விளிம்பில் ஏதோ எழுத்து தெரிந்தது. இன்னும் பெரிதாக்கினேன். புள்ளி புள்ளியாகக் குத்தி வெட்டிய தமிழ் எழுத்து. என் பெயர்.

எங்கள் கல்யாணத்துக்கு அவளுடைய அக்கா கொடுத்த எவர்சில்வர் தட்டு அது. குளுவாங்கில் பாத்திரக்கடையில் பெயர் வெட்டி வாங்கிவந்தார். அன்றிலிருந்து நான் அதில்தான் சாப்பிடுகிறேன். அடுத்த படத்தைப் பார்த்தேன். என் பெயர். அதற்கடுத்ததிலும் என் பெயர். எல்லாப் படத்திலும் என் பெயர் பளிச்சென்று இருந்தது. முப்பத்தொரு வருஷம் முதலில் எண்ணைப் பார் என்று ஊருக்கெல்லாம் சொன்னவன், ஆறு வாரமாக அந்தப் பெயர் போட்ட தட்டில் தினம் இரண்டு வேளை சாப்பிட்டுக் கழுவப் போட்டிருக்கிறேன்.

போனோடு அடுப்படிக்குப் போனேன். அவள் அடுப்புத் திட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கையில் தட்டு இல்லை. மீன் குழம்பு வைத்த சட்டியிலேயே மீந்த சோற்றைக் கொட்டி, ஓரத்தில் ஒட்டியிருந்த மசாலாவையெல்லாம் துடைத்துப் பிசைந்து வைத்திருந்தாள். சட்டியில் முக்கால்வாசிக்குச் சோறு. காய் ஒன்றும் இல்லை. காய் முழுக்க என் தட்டுக்கு வந்திருந்தது.

"இதெல்லாம் என் தட்டு" என்று போனைக் காட்டினேன்.

"ஆமா."

"ஒன் தட்ட எடுக்கணும்."

அவளுக்குப் புரியவே இல்லை. "சாப்பாட்ட தட்டுல போட்டா படம் எடுக்க சொன்னாங்க. தட்டுல போடுறது உங்களுக்குத்தானங்க? நான் என்ன வேறயா சாப்பிடுறேன். அதே சோறு, அதே கொழம்பு" என்றாள். பிறகு என் பார்வை சட்டிக்குள் இருப்பதைப் பார்த்துவிட்டு, லேசாகக் கூச்சப்பட்டு, "உங்களுக்கு சோத்த கொறச்சேனா, மீந்து போவுது. கொட்டவா முடியும்" என்றாள்.

அப்போதுதான் எனக்கு முழுசும் விளங்கியது. மெர்சிங்கில் பிறந்த ஒரு பெண் அக்கறையோடு ஒவ்வொரு பிடியாகக் குறைக்கச் சொல்ல, என் தட்டில் குறைந்த சோறெல்லாம் என் மனைவியின் வயிற்றுக்குப் போயிருக்கிறது. நான் இளைத்திருக்கிறேன். அவளுக்கு ஏறியிருக்கிறது. நான் சீனி டின்னில் கோடு போட்டிருக்கிறேன்.

எனக்கு அவமானமாக இருந்தது. அதைவிட, இத்தனை வருஷத்தில் அவள் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை என்பது சுட்டது. கோயிலிலும் கல்யாண வீட்டிலும் பார்த்திருக்கிறேன். என் வீட்டில் பார்த்ததில்லை. நான் எழுந்து போன பிறகு என்ன நடக்கிறது என்று கேட்கத் தோன்றியதும் இல்லை. அவள் முன்னாலேயே அழுதுவிட்டேன். அவள் பயந்துபோய், இடது கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, என்னாங்க இது, சோறுதானங்க" என்றாள்.

"ஒனக்கு தட்டு எங்க?" என்று கேட்டேன். "ஒங்கக்கா ரெண்டு தட்டுல்ல குடுத்தாங்க?"

அவள் சோற்றுப் பானையைப் பார்த்தாள். பானைமேல் கவிழ்த்து வைத்திருந்தது அதுதான். பிள்ளைகள் சின்னதாக இருந்தபோது பானை மூடியின் பிடி கழன்றுபோயிற்று, அளவு சரியாக இருந்ததால் இதை எடுத்து மூடினாளாம். அப்படியே நின்றுவிட்டது. ஆவி பட்டுப் பட்டு உள்பக்கம் வெளுத்து, விளிம்பில் கரி ஏறியிருந்தது. துணியை நனைத்துத் தேய்த்தேன். முதலில் ஒரு புள்ளி, பிறகு ஒரு எழுத்து, பிறகு அவள் பெயர் முழுதும்.

அவள் ஈரக் கையால் அதைத் தொட்டுப் பார்த்தாள். "நாம ரெண்டு பேரும் ஒண்ணா ஒக்காந்து சாப்பிடணும்னு சொல்லித்தான் அக்கா குடுத்தாங்க" என்றாள். "நான்தான் மூடியாக்கிட்டேன்."

நீ ஆக்கவில்லை என்று நான் சொன்னேன். அதை மட்டும் அன்று சரியாகச் சொன்னேன்.

அன்று ராத்திரி நான் சோறு போட்டேன். சிந்தினேன். பாதி, கால், கால் என்று என் நோட்டுக் கட்டம்போலப் பிரித்து வைத்தேன். அவளுக்கு உட்கார வரவில்லை. தண்ணீர் எடுக்க எழுந்தாள், உப்பு எடுக்க எழுந்தாள், கேஸ் அடைத்தோமா என்று எழுந்தாள். நான்காவது தடவை எழுந்தபோது கையைப் பிடித்து உட்காரவைத்தேன். தட்டைப் பார்த்து, "இவ்ளோதானா எனக்கு?" என்று சிரித்தாள். படம் எடுத்தது நான்.

கோச் உடனே கேட்டாள். ஆண்டி, இன்று தட்டு வேறாக இருக்கிறதே? மனைவி மலாயில் மூன்றே வார்த்தை எழுதினாள். இது என் தட்டு. மறுநாள் நடந்ததையெல்லாம் நான் ஒளிக்காமல் எழுதி அனுப்பினேன், சீனி டின் உட்பட. என் அம்மாவும் அப்படித்தான் சாப்பிடுவார் அங்கிள், நான் கேட்டிருக்க வேண்டும் என்று பதில் வந்தது. இப்போது புதிதாகச் சேருகிற ஆண்டிகளிடம் தட்டு யாருடையது என்று முதலில் கேட்கிறாளாம்.

ஒன்று மட்டும் சுலபமாக இல்லை. அரிசி. என் மனைவி பால் டின்னால் மூன்று டின் அளந்து போட்டுப் பழகியவள். பிள்ளைகள் இரண்டு பேரும் வெளியே போன பிறகும் மூன்று டின்தான். "யாராச்சும் வந்தா?" என்பாள். யாரும் வருவதில்லை. அந்த மூன்றாவது டின்னை இத்தனை நாளும் அவளே சாப்பிட்டுத் தீர்த்திருக்கிறாள். ஒருநாள் காலை அரிசி மூட்டைக்கு முன்னால் வெகுநேரம் நின்றாள். பிறகு ஒன்றரை டின் அளந்து போட்டுவிட்டு, ஏதோ தப்பு செய்தவள்போல என்னைப் பார்த்தாள். நான் அன்று எதையும் அளக்கவில்லை.

மூன்று மாதம் முடிந்து கிளினிக் போனோம். அறிக்கை வரும்வரை என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அக்கா கையைப் பிடித்துக்கொண்டு வந்த அதே பிடி. ஆறு புள்ளி பூஜ்யம். டாக்டர் செயலியின் அறிக்கையை மேலிருந்து கீழே பார்த்தார். முதல் ஆறு வாரப் படத்துக்கும் பின் ஐந்து வாரப் படத்துக்கும் ஏன் இவ்வளவு வித்தியாசம் என்று கேட்டார். அது நான் என்றேன். அவருக்கு விளங்கச் சொல்லவே கால் மணி நேரம் ஆனது. எல்லையை விட்டு இன்னும் வெளியே வரவில்லை, ஆனால் தாண்டவும் இல்லை, மாத்திரை இப்போது வேண்டாம், இப்படியே போங்கள், மூன்று மாதத்தில் பார்ப்போம் என்றார். ஒருவேளை நாளைக்கு மாத்திரை வந்தால் அதற்குப் பயப்படாதீர்கள், விட்டுவிடாமல் சாப்பிட்டால் அதுவும் உங்கள் பக்கம்தான் என்றும் சொன்னார். "விடமாட்டேன் டாக்டர்" என்றாள் மனைவி. பிறகு முட்டியைப் பற்றிக் கேட்டாள்.

திரும்பி வரும் வழியில் பாத்திரக்கடையில் நிறுத்தச் சொன்னாள். சோற்றுப் பானைக்கு மூடி இல்லாமல் விருந்தாளிக்கு வைக்கும் பீங்கான் தட்டைக் கவிழ்த்து வைத்து, ஒன்று உடைந்தும் போயிருந்தது. பானையின் வாயை நூலால் அளந்து எடுத்துவந்திருந்தாள், என்னிடம் சொல்லவில்லை. பத்துப் பதினைந்து மூடியைப் புரட்டி, பிடியை ஆட்டிப் பார்த்து, விளிம்பைத் தடவி, ஒன்றை எடுத்தாள். நான் வாயைத் திறக்கவில்லை.

கடைக்காரர் கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்த குத்தும் மெஷினை இழுத்து வைத்துக்கொண்டு, "பேரு வெட்டணுமாக்கா?" என்று கேட்டார்.

"மூடிக்கு எதுக்குண்ணே பேரு?" என்றாள் என் மனைவி. "தட்டுக்குத்தான் வேணும். அது என்கிட்ட இருக்கு."